கண் திறந்து கிடந்த பிணம்

குதிரையிலிருந்து விழுவது எப்படி என்று எழுதித் தரச் சொன்னீர்கள். தோளைக் கொடுங்கள், தலையைக் கொடுக்காதீர்கள். மூச்சை விட்டுக்கொண்டே விழுங்கள், பிடித்துக்கொண்டு விழாதீர்கள். விழுந்ததும் குதிரை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. மிச்சத்தை உங்கள் உடம்பே உங்களுக்குச் சொல்லும், கொஞ்சம் கோபமாக.

ஆனால் சண்டை நடிகர்களின் ஆண்டு மலரில் எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதாக உங்கள் நிஹால் சொன்னான். நான்கு பக்கத்துக்கும் என்னிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம்: நான் எழாமல் கிடந்த ஒன்றரை நிமிஷம். விழுந்ததற்காக நான் வெட்கப்பட்டதில்லை. பதினோரு கௌபாய் படங்களில் நடித்து, ஒன்பதில் செத்தவன். கூரையிலிருந்து, வண்டியிலிருந்து, ஒட்டுப்பலகைச் சாராயக்கடையின் மாடியிலிருந்து விழுந்திருக்கிறேன். எழாமல் கிடந்ததுதான் இன்னும் என் முதுகில் மண்ணாக ஒட்டியிருக்கிறது. எத்தனை குளியல்!

நான் சினிமாவுக்கு வந்தது கண்ணால். மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டைகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கிடங்கில் தும்மல். எங்கள் குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்குப் பூனைக்கண். எனக்கு அது கொஞ்சம் அதிகம், வெயிலில் பச்சையாகத் தெரியும். வாளையாறு பக்கத்துப் பொட்டலில் ஒன்றன்பின் ஒன்றாக மலிவு கௌபாய் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த டைரக்டர் ஒருவர் கிடங்குக்குள் லொக்கேஷன் பார்க்க வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இவன் டெக்ஸாஸ்டா" என்றார். இருபத்தாறு வயதில் நான் டெக்ஸாஸ் ஆனேன்.

அந்தப் பொட்டலில் எங்களுக்கு இரண்டே குதிரைகள். வெள்ளையாக இருந்ததற்குக் காவிப்பொடி பூசி மூன்றாவது ஆக்குவோம். மழை தூறினால் வில்லனின் குதிரை எல்லார் கண்முன்னாலும் கதாநாயகனின் குதிரையாக மாறிவிடும். கொள்ளைக்காரர்கள் பன்னிரண்டு பேர், தொப்பி ஏழு. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சுடப்பட்டவன் விழும்போதே தொப்பியைக் கேமராவுக்கு வெளியே பறக்க விட்டுவிட வேண்டும். உயிரோடு இருப்பவன் அதை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த பாறைக்குப் பின்னால் போய் நிற்பான். படத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் அழகாகச் சாகிறோம் என்றார்கள். தொப்பிப் பற்றாக்குறைதான் எங்கள் அழகு.

செல்வராஜை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான். இதை மறந்துவிடாதீர்கள், நானும் மறக்கவில்லை. அவன் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து தோப்பும்படி துறைமுகத்துக்குப் படகு வேலைக்கு வந்தவர். கடலில் ஆடிய கால் என்பதாலோ என்னவோ, ஒரே வாரத்தில் குதிரை அவன் சொன்னதைக் கேட்டது. என் சொல்லைக் கடைசிவரை கேட்கவில்லை.

"எடா காதரே, உனக்குக் கண்ணு மட்டும்தான் டெக்ஸாஸ். பாக்கியெல்லாம் சுக்குக் கிடங்கு" என்பான். "நீ ஏறினா குதிரையே தும்முது, பாரு."

டைரக்டரின் பெயரை எழுத மாட்டேன், அவர் இப்போது இல்லை. கத்தாதவர். அதுதான் பயம். ஒரு படத்தில் நான் பிணமாகக் கிடந்தபோது முழங்கையில் கட்டெறும்பு கடித்தது. துடித்துவிட்டேன். நீளமான ஷாட், அத்தனையும் வீண். அவர் என்னை அருகில் கூப்பிட்டார். ஃபிலிம் டப்பாவைத் திறந்து உள்ளே காட்டினார். காலி.

"இதுதான் தம்பி நீ நடிச்சது" என்றார்.

எல்லார் முன்னாலும் அப்படி நின்றேன். அன்றைக்கு ஒரு பாடம் என் எலும்புக்குள் இறங்கியது: செத்தவன் அசையக் கூடாது. பாடத்தைச் சொன்னவர் மேல் குற்றமில்லை. அது எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று ஒரு கோடு போட்டிருக்க வேண்டியவன் நான்.

அடுத்த படத்தின் கடைசி நாள். ஃபிலிம் ரோல் ஒன்றே ஒன்று மீதி. நண்பகல், பொட்டலில் நிழலே கிடையாது, எங்கள் நிழல்கூட எங்கள் காலுக்கு அடியில்தான் கிடந்தது. காட்சி இதுதான். நான் முதலில் சுடப்பட்டு விழுந்து கிடப்பேன். செல்வராஜ் குதிரையில் பாய்ந்து வருவான், சுடப்படுவான், எனக்கு இரண்டு முழம் தள்ளி விழுவான். கதாநாயகன் துப்பாக்கியோடு எங்கள் நடுவே நடந்து வருவான். இடையில் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்.

டைரக்டர் என் பக்கத்தில் குந்தினார். "காதர், கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே சாகணும். உன் கண்ணுலதான் கேமரா தொடங்குது. தூசி கடக்கிறப்ப மட்டும் இமைச்சுக்கோ. இதுல ஒழுங்கா கிடந்துட்டா அடுத்த படத்துல உனக்குப் பேர் இருக்கு."

பேர். அதுவரை நான் 'கொள்ளையன் நான்கு', 'கொள்ளையன் ஏழு'. பேர் உள்ள வேஷம் என்றால் வசனம், வசனம் என்றால் முகம், முகம் என்றால் மட்டாஞ்சேரி தியேட்டரில் என் தெரு முழுக்க எழுந்து கத்தும். உள்ளங்கையை மேலே திருப்பி விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தேன். அதுவும் டைரக்டர் சொன்னதுதான், விரித்த கை பரிதாபமாக இருக்குமாம்.

செல்வராஜ் வந்தான். சுட்டார்கள். தொப்பி பறந்தது, அழகாக. அவன் விழுந்தான். கூடவே குதிரையும் சறுக்கி அவன் காலின் மேல் விழுந்தது. அது ஒத்திகையில் இல்லை. குதிரை உடனே எழுந்துவிட்டது. செல்வராஜின் பூட்ஸ், பாதம் திரும்பாத பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. பச்சைக் கண் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கண்.

"காதரே. கடிவாளம் உன் கைலடா. புடி."

அப்போதெல்லாம் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது, பேச்செல்லாம் பிறகு டப்பிங்கில்தான். அந்தப் பக்கம் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. அவன் குரல் கேமரா வரை போகவில்லை. அங்கே நின்றவர்களுக்கு ஒருவன் அற்புதமாகச் செத்துக்கொண்டிருந்தான். எனக்கு மட்டும்தான் கேட்டது. கடிவாள வார் மண்ணில் இழுபட்டு வந்து என் விரித்த உள்ளங்கையின் மேல் ஊர்ந்தது. சூடான தோல், வியர்வை ஈரம், ஒரு பித்தளை வளையம். விரலை மடக்கினால் போதும். எழக்கூட வேண்டாம். ஐந்து விரல்.

மடக்கவில்லை.

வார் என் கையைத் தாண்டிப் போயிற்று. கதாநாயகன் நடந்து வந்தான், கடைசிக் குண்டை வானத்தில் சுட்டான். வெடிச்சத்தத்துக்குக் குதிரை மிரண்டு திரும்பியது. செல்வராஜின் முழங்காலை மிதித்துக்கொண்டு ஓடியது. சமையல்காரர் யாரோ அலறினார். எல்லாரும் ஓடி வந்தார்கள். டைரக்டர் 'கட்' என்றார்.

நான் அதற்குப் பிறகுதான் எழுந்தேன். 'கட்' கேட்ட பிறகு. தம்பிமாரே, நான் எழுதியதில் இதைவிடக் கேவலமான வாக்கியம் இல்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கழித்துப் பார்த்தேன். இடுப்பு வரை கட்டு. கணுக்கால் சேர்ந்துவிடும், முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் விழுதலில் போனது கணுக்கால்தான். முழங்கால் போனது குதிரை திரும்பி வந்ததில். என் ஐந்து விரல்களில்.

வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். "நீ நடிக்கிறேன்னு நினைச்சிட்டேன்டா" என்றேன்.

அவன் என் கண்ணைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "கண்ணு மூடியா இருந்துச்சு, உனக்கு?"

இது ஒரு கதவு. அன்று எனக்கு வெளியே போகும் கதவாகத் தெரிந்தது. "ஆமா" என்றேன். "மூடித்தான் இருந்தேன்."

"பின்னே நீ என்ன செய்வே" என்றான். "ஆரஞ்சு கொண்டாந்தியா, இல்ல வெறுங்கையா?"

இரண்டு மாதம் கழித்துக் கோடம்பாக்கத்தில் டப்பிங். இருட்டு அறை. திரையில் அந்தத் துண்டு ஃபிலிம் சுற்றிச் சுற்றி வரும், உதட்டோடு குரல் ஒட்டும்வரை விடமாட்டார்கள். முதலில் என் கண். எவ்வளவு பெரியது! திரை முழுக்கத் திறந்த கண். பிறகு செல்வராஜ் விழுகிறான், அவன் உதடு அசைகிறது, என் கைமேல் வார் ஊர்கிறது. குதிரை திரும்புவதற்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். மறுபடி என் கண். மறுபடி அவன் உதடு. சத்தமில்லாமல் என் பெயர். மறுபடி. மறுபடி.

"இவன் ஏதோ பேசியிருக்கானே, என்னது?" என்றார் டைரக்டர்.

"தெரியல சார்" என்றேன்.

"உதடு இருக்கு, ஏதாவது போட்டாகணும். ஆளு ஆஸ்பத்திரியில. நீயே கொடு. உன் ஊர்க்காரன்தானே, குரலும் ஏறக்குறைய வரும்." கொஞ்சம் யோசித்து வசனத்தையும் அவரே சொன்னார். சாகிற கொள்ளையன் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுச் சாகிறான்.

மைக் முன்னால் நின்றேன். நாலாவது சுற்றில் ஒட்டியது. என் நண்பன் என்னைக் கூப்பிட்ட வாய்க்குள் என் குரலை வைத்துத் திணித்தேன்: "தங்கம்... மலைக்கு அந்தப் பக்கம்!"

"பிரமாதம்" என்றார்.

அடுத்த படத்தில் எனக்குப் பேர் இருந்தது. மட்டாஞ்சேரி தியேட்டரில் என் தெரு எழுந்து கத்தியது. முதுகு தேய்ந்து நானாக விலகும்வரை பேர் உள்ள வேஷங்கள்தான்.

செல்வராஜ் தோப்பும்படியில் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்தான். உட்கார்ந்து செய்யும் வேலை, வலது கால் மட்டும் பெஞ்சுக்கு வெளியே துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை போவேன். செப்புக் கம்பியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "இதைப் பிடிச்சிட்டு இரி, சும்மா ஒரு ஆளு சாயா குடிச்சா எனக்குப் பொறுக்காது" என்பான். எப்போதும் அவனுடைய இடது பக்கத்தில்தான் உட்காருவேன். அந்தப் படத்தைப் பற்றி அவன் ஒருநாளும் பேசவில்லை. பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதில்தான் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

இருபத்தெட்டு வருஷம் போயிற்று. அந்தத் துண்டு எப்படியோ உங்கள் போன்களுக்குள் வந்தது. உங்களுக்கு அது வேடிக்கை. ஸ்டிக்கர் ஆக்கினீர்கள். பரீட்சை ரிசல்ட்டுக்கு, பெண் பார்க்கப் போவதற்கு, பெட்ரோல் பங்க் தேடுவதற்கு, எல்லாவற்றுக்கும் 'தங்கம் மலைக்கு அந்தப் பக்கம்'. உங்களைக் குறை சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

போன மாதம் பழைய மிளகுக் கிடங்கில் உங்கள் கௌபாய் குறும்படத்துக்குப் பூஜை போட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டீர்கள். பதினாறு பேருக்குப் பதினாறு தொப்பி. கண் கூசியது. நிஹால் போனை நீட்டிக்கொண்டு செல்வராஜிடம் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

"செல்வன் சேட்டா, அந்த டயலாக் ஒண்ணு சொல்லுங்க. ரீல் போடட்டே."

"அது என் டயலாக் இல்ல மோனே" என்றான் அவன். "வாய் என்னோடது. குரல் இவனோடது."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. படத்தைப் பார்த்திருக்கிறான். திரை முழுக்கத் திறந்திருந்த என் கண்ணையும் பார்த்திருக்கிறான். எனக்கு அந்த மிளகு வாசனையெல்லாம் ஒரே நொடியில் மூக்கில் ஏறியது. நீங்கள் கூத்தாடினீர்கள். "அய்யோ, இக்காவா! இக்கா, ஒரே ஒரு தடவை! ப்ளீஸ்!" பதினாறு தொப்பிகள், பதினாறு போன்கள்.

அப்போது மறுத்திருக்கலாம். தொண்டை சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம், நான் பொய்யில் பழகினவன்தானே. சொன்னேன். அதே குரலில், அதே இழுப்போடு, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. நீங்கள் விசிலடித்தீர்கள். ஒருவன் தொப்பியைப் பறக்க விட்டான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒரு அரைக்கணம். அந்த அரைக்கணத்தை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

திரும்பினால் செல்வராஜின் நாற்காலி காலி. கைத்தடியின் சத்தம் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு வராது. உங்களுக்கு இப்போது ஃபிலிம் ரோல் கிடையாது. கார்டு நிறைந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பீர்கள். ஆனால் டப்பா காலியாகிவிடும் என்ற பயம் வேறு பெயரில் உங்களிடமும் இருக்கிறது, அன்று உங்கள் கண்களில் பார்த்தேன். யாராவது உங்களுக்கும் ஒரு பேர் தருவதாகச் சொல்வார்கள். ஷாட் நடுவே ஒருவன் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிடுங்கள். பிணமாக இருந்தாலும் எழுந்துவிடுங்கள். பிறகு திட்டு வாங்கிக்கொள்ளலாம். திட்டு ஆறிவிடும்.

மறுநாள் காலையில் தோப்பும்படிக்குப் போனேன். அவன் ஒரு படகு மோட்டாரைத் திறந்து வைத்துக் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிராமல் கம்பி முனையை நீட்டினான். வாங்கினேன். அன்று அவனுடைய வலது பக்கத்தில், மடங்காத அந்தக் காலுக்கு அருகில் உட்கார்ந்தேன்.

"செல்வா, ஆஸ்பத்திரியில நீ கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். கண்ணு திறந்துதான் இருந்தது. நீ கூப்பிட்டதும் கேட்டது. வார் என் கையில பட்டது."

"அது தெரியும்."

"எப்ப பார்த்தே படத்தை?"

"ரிலீஸ் ஆன வாரமே. கட்டோட தூக்கிட்டுப் போனானுங்க." கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "படம் பார்த்தா தெரியணும்? உன் கண்ணைப் பார்த்துத்தானேடா கூப்பிட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கண்ணு மூடியிருந்துச்சான்னு கேட்டே?"

"நீ இல்லைன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்." கம்பியை இன்னொரு சுற்று இழுத்துவிட்டுச் சொன்னான்: "சொல்லியிருந்தா அன்னிக்கே நாலு அறை விட்டு முடிச்சிருப்பேன். கை நல்லாத்தானே இருந்துச்சு எனக்கு."

"இப்ப விடு."

"இப்ப எதுக்கு? வயசாச்சு, உன் பல்லு ஆடும்." சுற்றுவதை நிறுத்தினான். முதல்முறையாக நிமிர்ந்தான். "நேத்து அந்தப் பிள்ளைங்க முன்னாடி நல்லாத்தான் சொன்னே. குரல் அப்படியே இருக்கு. சரி, இப்ப ஒழுங்கா டப்பிங் பண்ணு."

என்ன என்று நான் கேட்பதற்குள் அவன் உதடு அசைந்தது. சத்தமில்லாமல். கோடம்பாக்கத்தின் இருட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த அதே அசைவு. வாய் திறந்தேன். வரவில்லை.

"லேட்டு" என்றான். "மறுபடி."

மறுபடி அவன் உதடு. எனக்குப் பாதி வாக்கியம்தான் வந்தது, அதுவும் உடைந்து.

"சிங்க் இல்ல, உதட்டோட ஒட்டல. மறுபடி."

வெளியே மீன் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேலைக்காரன் முகம். மூன்றாவது முறை அவன் உதட்டின் மேலேயே கண்ணை வைத்தேன். அது தொடங்கிய இடத்தில் தொடங்கினேன், அது முடிந்த இடத்தில் முடித்தேன்.

"காதரே. கடிவாளம் உன் கைலடா. புடி."

என் குரலில் என் பெயர். கடைக்குள் அது எங்கேயும் போகாமல் நின்றது.

அவன் தலையசைத்தான். பிறகு என் கையைப் பார்த்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன். செப்புக் கம்பியின் மேல் என் ஐந்து விரல்களும் நகம் வெளுக்க மடங்கியிருந்தன.

"விடுடா" என்றான் செல்வராஜ். "அறுந்துடும்."